இகராஷியின் இடது இறக்கை

இகராஷி இறந்தபோது, அவர் கட்டிக்கொண்டிருந்த கிளைடருக்கு, ரிமோட்டில் பறக்க விடும் சின்ன விமானத்துக்கு, வலது இறக்கை மட்டும்தான் இருந்தது. இடது இறக்கைக்கு வேண்டிய, தக்கை போல லேசான பால்சா மரத் துண்டுகளை மெல்லிசாக வெட்டி, அளவு வாரியாக மேசைமேல் அடுக்கிவிட்டு, டீ குடிக்க மாடியிலிருந்து இறங்கியவர் பாதிப் படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, குளிர் ஏறிய ஒரு நாள், அவருடைய மனைவி மிசாவோ என் பட்டறைக்கு வந்தார். நான் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். அப்போது ஒரு மேல்வரிசையை ராவிக்கொண்டிருந்தேன். மிசாவோ ஒரு நீளமான துணிப் பொட்டலத்தைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார்.

“குசாகா சான், உங்க கைவேலை நேர்த்தின்னு அவர் அடிக்கடி சொல்வாரு. உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்க மாட்டாரு.”

“சொன்னதில்ல. பசை ஜாஸ்தி போடறேன்னுதான் சொல்லியிருக்காரு.”

“அதுவும் சொல்வாரு.” கொஞ்சம் சிரித்தார். “இதுக்கு இன்னொரு இறக்கையை நீங்க போட்டுக் குடுங்க. ஒத்தை இறக்கையோட மாடியில கிடந்துச்சு. கதவைத் திறந்தா அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. முடிச்சுட்டு, ஒரு தடவை பறக்கவும் விட்டுடுங்க.”

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இகராஷியும் நானும் தோனே ஆற்றங்கரைப் புல்வெளியில் பல வருடங்கள், ஒரே கிளப்பில் விமானம் விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை ஒன்றாகக் கழித்தவர்கள். அவ்வளவு நெருக்கம் என்று சொல்ல முடியாது. அவர் அதிகம் பேச மாட்டார். விமானத்தை விடும்போதும் மற்றவர்களைப் போலக் குட்டிக்கரணம் எல்லாம் அடிக்க வைக்க மாட்டார். மோட்டார் போட்டு உயரே ஏற்றுவார், மோட்டாரை நிறுத்துவார், பிறகு வெறும் காற்றில் மணிக்கணக்கில் மிதக்க விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். கிளப்பில் புல் வெட்டும் முறை வரும்போது மட்டும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர் மேல் எங்களுக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்த பிறகு இடது இறக்கையைக் கட்டினேன். துண்டுகள் எல்லாம் அவர் வெட்டி வைத்தவை. நான் ஒட்டினேன், தேய்த்தேன், தந்த நிறத் தாளை இஸ்திரி போட்டுச் சுருக்கமில்லாமல் மேலே ஒட்டினேன். தங்கப்பல் நிறுக்கும் தராசில் இரண்டு இறக்கைகளையும் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இல்லை. பசையும் ஜாஸ்தி போடவில்லை.

செர்ரிப் பூ உதிர்ந்து முடிந்த ஞாயிறன்று ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். மிசாவோ சோற்று உருண்டைகள் செய்து எல்லாருக்கும் எடுத்து வந்திருந்தார். கிளப்பின் தலைவர் நெமோதோ, எழுபதைத் தாண்டியவர், கிளைடரைத் தலைக்கு மேல் பிடித்துக் காற்றுக்கு எதிராக வீசினார். நான் ரிமோட்டோடு பின்னால் நின்றேன். அது கை நழுவிய கணத்திலேயே தெரிந்துவிட்டது, நல்ல பிறவி என்று. சத்தமே இல்லாமல் ஏறியது. வேண்டிய உயரத்தில் மோட்டாரை நிறுத்தினேன். மூக்கில் இருந்த விசிறி மடங்கி உடலோடு ஒட்டிக்கொண்டது. ரிமோட்டின் ஸ்டிக்குகளிலிருந்து இரண்டு கட்டைவிரல்களையும் எடுத்தேன். சரியாகக் கட்டிய கிளைடர் அப்போது நேராகப் போக வேண்டும்.

அது மெதுவாக இடது பக்கம் திரும்பியது. திரும்பி, ஆற்றின் குறுக்கே நேராகப் போக ஆரம்பித்தது.

இழுத்துத் திருப்பினேன். வந்தது. விரலை எடுத்தேன். மறுபடியும் இடது பக்கம்.

“பல்லுக்காரா,” என்றான் உன்னோ. பஸ் ஓட்டுகிறவன், எங்களில் விமானம் விடுவதில் கெட்டிக்காரன் அவன்தான், வாய்க்கும் அவன்தான். “இறக்கை கோணல்யா. உன்கிட்ட பல்லு கட்டினவன்லாம் ஒரு பக்கமா மென்னுட்டுத் திரியறான்னு சொன்னாங்க, நான்தான் நம்பல.”

எல்லாரும் சிரித்தார்கள். மிசாவோவும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்த இறக்கையைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து அளந்தேன். கோணல் எங்கேயும் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. புது மரம் வாங்கி இடது இறக்கையை முதலிலிருந்து இன்னொரு தடவை கட்டினேன். மே மாதம் அதைப் பொருத்திப் பறக்க விட்டேன். இடது பக்கம் திரும்பி ஆற்றுக்குக் குறுக்கே போனது.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினேன். வால், வாலை அசைக்கும் சின்ன மோட்டார்கள், பேட்டரி. ரிமோட்டின் அலையை வாங்க இகராஷி உள்ளே பொருத்தி வைத்திருந்த பழைய ரிசீவரைக் கழற்றிவிட்டு, என் புது ரிமோட்டுக்கு மட்டும் கட்டுப்படும் ரிசீவரைப் போட்டேன். வேறு யாருடைய அலையும் அதைத் தொட முடியாது. ஒன்றும் மாறவில்லை.

“குடு இங்க,” என்று ஒரு நாள் உன்னோ ரிமோட்டை வாங்கிக்கொண்டான். கேலிக்காகத்தான் வாங்கினான். கொஞ்ச நேரம் விட்டான். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று. இறக்கிக் கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான்.

“நான் கத்துக்கிட்டப்போ என் வாத்தியார் ரெண்டு ரிமோட்டை ஒயர் போட்டு இணைச்சு வெச்சிருப்பாரு. நான் தப்புப் பண்ணா அவர் தன்னோட ரிமோட்டுல திருப்பிடுவாரு. என் கையில ஸ்டிக் இருக்கும், விமானம் மட்டும் என் பேச்சைக் கேக்காது. அந்த மாதிரியே இருக்குய்யா.”

“இதுல ஒயர் எங்க இருக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

நெமோதோ காற்றைக் குற்றம் சொன்னார். கரைமேட்டில் மோதித் திரும்பும் காற்று தள்ளுகிறது என்றார். அதையும் பார்த்துவிடலாம் என்று, மழைக்காலம் முடிந்ததும், புல்வெளியின் இன்னொரு கோடிக்குப் போய், இதுவரை வீசியதற்கு நேர் எதிர்ப்புறமாக, ஆறு ஓடும் திசைக்கு எதிராக நின்று வீசினோம். காற்றும் அன்று மாறித்தான் அடித்தது. மோட்டாரை நிறுத்தி விரலை எடுத்தேன்.

கிளைடர் வலது பக்கம் திரும்பியது.

திரும்பி, மறுபடியும் ஆற்றின் குறுக்கேதான் போனது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதம் இடது, இடது என்று இறக்கையை நொந்துகொண்டிருந்தேன். அதற்கு இடது வலது எல்லாம் பொருட்டே இல்லை. அதற்கு ஓர் இடம் இருந்தது. எங்கே நின்று விட்டாலும் அது போக விரும்பியது ஒரே இடத்துக்குத்தான்: அக்கரையில், நாணல் காட்டின் நடுவில், கூட்டமாக நிற்கும் ஆற்றுப்பாலை மரங்களுக்கு.

அந்தப் பக்கம் நாங்கள் யாரும் போவதில்லை. போக வழியும் கிடையாது. விமானம் அங்கே விழுந்தால் போனதுதான் என்று விட்டுவிடுவோம்.

இதை மிசாவோவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நாள் இழுத்தடித்தேன். கடைசியில், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவதாகச் சொல்லும் ஓபோன் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போய், இகராஷியின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். அழுவார் அல்லது கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தர்ப்பூசணியை அறுத்துக்கொண்டே கேட்டார்.

“அங்க என்ன இருக்கு?”

“நாணல். அவர் அந்தப் பக்கம் எப்பவாவது போயிருக்காரா?”

“அவரா. கொசு இருக்கற எடத்துக்கெல்லாம் போக மாட்டாரு.” ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். “நீங்க அதை இழுத்து இழுத்துத் திருப்பறீங்க. ஒரு தடவை விட்டுப் பாருங்களேன். எங்கதான் போகுதுன்னு பாத்துடலாம்.”

“போனா திரும்பி வராது.”

“நான்தானே குடுத்தேன். நான்தானே சொல்றேன்.”

அக்டோபரில், நாணல் பழுத்து வெளுத்த பிறகு, ஒரு தெளிவான காலையில் விட்டோம். நெமோதோ வீசினார். கிளைடர் ஏறியது. மோட்டாரை நிறுத்தினேன். அது அக்கரைப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டதும், ரிமோட்டைப் புல்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். மிசாவோ என் பக்கத்தில் நின்றார். உன்னோ பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தான்.

“ஆத்தைத் தாண்டிடுச்சு,” என்றான். “மரத்துக்கு மேல போயிடுச்சு. அப்படியே போய் எங்கயாவது குத்தும்.” பைனாகுலரை லேசாக நகர்த்தினான். “இல்ல. திரும்புது. ஒரு வட்டம் போடுது. உயரம் குறையுது. இப்போ காத்தோட போகுது.” அவன் குரல் இறங்கியது. “திரும்புது. காத்துக்கு எதிர்ல வந்து மூக்கை நேர் பண்ணுது. யோவ் குசாகா, நீ ரிமோட்டைத் தொடல இல்ல?”

ரிமோட் என் காலடியில் கிடந்தது.

“இது விழலய்யா. யாரோ இறக்கறாங்க.”

நாணலுக்குப் பின்னால் அது மறைந்ததை நானும் வெறுங்கண்ணால் பார்த்தேன். விமானத்தைத் தரையில் இறக்கத் தெரிந்த ஒருவர், அவசரமே இல்லாமல் இறக்கியது போலத்தான் இருந்தது.

எடுத்து வரலாம் என்று கிளம்பியது நான்தான். மிசாவோவும் வருவேன் என்றார், உன்னோவும் சேர்ந்துகொண்டான். நெமோதோ இக்கரையிலேயே நின்று, மரங்களைக் குறி வைத்து போனில் வழி சொல்வதாக ஏற்பாடு. பாலத்தைச் சுற்றி, காபேஜ் வயல்களுக்கு நடுவே போய், கரைமேட்டில் காரை நிறுத்திவிட்டு மூவரும் நாணலுக்குள் இறங்கினோம். உன்னோ அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போனான். நாணல் எங்கள் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம் நின்றது. உள்ளே காற்று இல்லை. மேலே தலைகள் மட்டும் சரசரவென்று உரசிக்கொண்டே இருந்தன. சேறு ஷூவைப் பிடித்துப் பிடித்து விட்டது.

“கொஞ்சம் வலது பக்கமா போங்க,” என்றது போனில் நெமோதோவின் குரல். “நாணல் ஆடறதை வெச்சு நீங்க இருக்கற எடம் தெரியுது. அப்படியே நேரா. சரி. உங்களுக்கு முன்னாடி போறது யாரு?”

“உன்னோதான்.”

“அவன் உங்ககூடத்தானே இருக்கான்? நான் அதைச் சொல்லல. நாணல் ரெண்டு எடத்துல ஆடுது. நீங்க வர்ற எடத்துல ஒண்ணு, அதுக்கு முன்னாடி மரத்துக்கிட்ட ஒண்ணு.”

உன்னோ அரிவாளை நிறுத்தினான். நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம்.

“இப்போ?” என்றேன்.

“உங்களுது நின்னுடுச்சு,” என்றார் நெமோதோ. பிறகு கொஞ்சம் கழித்து, “அதுவும் நின்னுடுச்சு” என்றார்.

“காட்டுப்பன்னியா இருக்கும்,” என்றான் உன்னோ. இந்தப் பக்கம் காட்டுப்பன்றி உண்டுதான். ஆனால் அப்படிச் சொன்னவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிசாவோ அவனைத் தாண்டிக்கொண்டு, கையால் நாணலை விலக்கி முன்னால் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் போனோம்.

மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நாணல் சட்டென்று முடிந்தது.

புல்தரை. நீளவாக்கில், நேர்க்கோடு பிடித்ததுபோல, ஒட்ட வெட்டிய புல்தரை. எங்கள் ஓடுபாதையைவிட நன்றாக இருந்தது. வெட்டின புல்லின் பச்சை வாசனை இன்னும் காயவில்லை. ஒரு முனையில் மூங்கில் குச்சி நட்டு, காற்றுக் காட்ட ஒரு துணிக்கீற்று கட்டியிருந்தது. நான்கு பக்கமும் நாணல் சுவர். நாங்கள் வெட்டிக்கொண்டு வந்த வழியைத் தவிர உள்ளே வர வேறு வழி இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு நாணல்கூட மடங்கியிருக்கவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தை அங்கே ஒருவன் எப்படிக் கொண்டுவந்திருக்க முடியும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளைடர் பாதையின் ஓரத்தில் இருந்தது. கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

இதை விமானம் விடுகிறவர்களுக்குத்தான் முழுதாகச் சொல்ல முடியும். வீட்டுக்குக் கிளம்பும்போது நாங்கள் எல்லாரும் செய்வதுதான். இறக்கைகளை உடலிலிருந்து கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக, அடிப்பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து வைப்போம். கழற்றிய திருகுகள் தொலையாமல் இருக்க, அவற்றைத் திரும்ப அதே துளைகளில் விரலால் முடுக்கி வைப்போம். எல்லாம் அப்படியே செய்திருந்தது. குனிந்து உடலின் பக்கத்தில் இருந்த சுவிட்சைப் பார்த்தேன். வீசுவதற்கு முன்னால் நானே போட்ட சுவிட்ச். அணைந்திருந்தது.

“யாரோ இங்க இருக்காங்க,” என்று உன்னோ முணுமுணுத்தான். பிறகு சத்தமாக, பஸ்ஸில் கடைசி சீட்டில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல, “யாருங்க அது?” என்றான்.

துணிக்கீற்று ஒரு தடவை புரண்டது. பதில் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது இருக்குமே, அந்த மாதிரி ஒரு அமைதி. சீக்கிரம் எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று கிளைடரின் உடலைத் தூக்கப்போனேன்.

“வேண்டாம்,” என்றார் மிசாவோ.

அவர் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் வெட்டிய புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வீட்டுல ஒரு நாள் புல் வெட்டினதில்ல,” என்றார். “நான்தான் வெட்டுவேன். அவர் மாடி ஜன்னல்ல இருந்து பாத்துட்டு இருப்பாரு.” யாரையோ அதட்டுவதுபோலத்தான் சொன்னார். முகத்தில் பயம் இல்லை. “வெச்சுடுங்க குசாகா சான். கிளம்பத் தயாரா எடுத்து வெச்சிருக்கு. அதைப் போய் நாம ஏன் தூக்கணும்?”

நான் வைத்துவிட்டேன். அவர் எழுந்து, பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு, மரங்களின் பக்கம் பார்த்து ஒரு தடவை தலை குனிந்து வணங்கினார். அறிமுகம் இல்லாதவர்களுக்குச் செய்யும் முழு வணக்கம் இல்லை. வாசலில் ஒருவரை வழியனுப்பும்போது செய்வது. அப்புறம் திரும்பி நடந்தார். உன்னோ கடைசி ஆளாக வர மாட்டேன் என்றான். நான்தான் கடைசியில் வந்தேன். காருக்குப் போய்ச் சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் நெமோதோ எதுவும் சொல்லவில்லை. எத்தனை இடத்தில் நாணல் ஆடியது என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் அக்கரை நாணலுக்கு வழக்கம்போல நெருப்பு வைத்தார்கள். பகலெல்லாம் எரிந்தது, நகரத்தில் காயப்போட்ட துணிகளில்கூடக் கரி விழுந்தது. சூடு ஆறியதும் உன்னோவும் நானும் போனோம். எனக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவன் வர மாட்டேன் வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

எல்லாம் கறுப்பு. எந்தப் பக்கம் பார்த்தாலும் தடையில்லாமல் தெரிந்தது. ஆற்றுப்பாலைகள் அடிமரம் கரிந்து நின்றன. புல்லை ஒட்ட வெட்டியிருந்தால் அந்த இடம் சரியாக எரிந்திருக்காது, தரையில் அச்சாவது தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை. எங்கும் ஒரே மாதிரி நாணலின் அடிக்குச்சிகள், விரலுயரத்துக்குக் கருகி நின்றன. மரமும் தாளும் எரிந்து போகட்டும். இறக்கைகளை இணைக்கும் எஃகுக் கம்பி எரியாது. மோட்டார் எரியாது. மூக்கில் கனத்துக்காக நான் வைத்த ஈயம் உருகியாவது கிடக்கும். காலால் சாம்பலைக் கிளறிக் கிளறி, முழங்கால் வரை கறுத்துப்போகும் மட்டும் தேடினோம். ஒரு திருகுகூட அகப்படவில்லை.

அப்படியே மிசாவோவின் வீட்டுக்குப் போனோம். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு அவர் வாசலிலேயே பழைய செய்தித்தாளை விரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

“அப்போ எடுத்துட்டுப் போயிட்டாரு,” என்றார். அவ்வளவுதான். “ஷூவை அங்க கழட்டுங்க. உன்னோ சான், சுவத்துல கை வெக்காதீங்க.”

டீ கொடுத்தார். மாடி அறையைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார். நர்ஸ் படிப்பு படிக்கும் ஒரு பெண் வாடகைக்கு வரப்போகிறாளாம். மிச்சமிருந்த பால்சா மரத்தையும் பசையையும் ஒரு பெட்டியில் போட்டு எனக்குத் தந்தார். அதற்குப் பிறகு அவர் ஆற்றங்கரைக்கு வந்ததில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. நன்றாக இருக்கிறார், கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவார்.

நாங்கள் ஞாயிறுதோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். போன வருடம் ஒரு புது ஆள் சேர்ந்தார், வங்கியில் வேலை, நல்ல பழக்கம். முதல் நாளே தன்னுடைய விமானத்தை ஆற்றின் மேல் விட்டார். பாதி ஆற்றைத் தாண்டும்போது நாங்கள் எல்லாரும் பேசுவதை நிறுத்தியிருக்கிறோம் போலிருக்கிறது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னங்க? அந்தப் பக்கம் விடக்கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?”

“விதியெல்லாம் இல்ல,” என்றார் நெமோதோ. “அங்க காத்து சரியில்ல. திருப்பிடுங்க.”

அவர் திருப்பினார். விமானம் உடனே திரும்பவில்லை. ஒரு கணம் அதே திசையில் போய்விட்டுத்தான் திரும்பியது. அவர் ரிமோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் அசைத்துச் சரிபார்த்தார். உன்னோ ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் தெர்மாஸைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினான்.